வினைமுதல் எங்கே? நிறுவனங்களின் மொழியை வாசிப்பது குறித்துச் சில எண்ணங்கள்

இலக்கிய இதழ்களை வாசிக்கும் நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கவிதையில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் வந்தது என்று ஒரு மாலை முழுவதும் வாதிடுவோம். ஆனால் அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று கைக்கு வந்தால், மேலோட்டமாகப் பார்த்துக் கையொப்பமிட்டுவிட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவோம். முன்னது பனுவல், பின்னது வெறும் காகிதம் என்பது நம் எண்ணம். நம் ஊதியம், ஓய்வூதியம், பிள்ளைகளின் படிப்பு, சில வேளைகளில் நம் உயிர் ஆகியவற்றைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்த வெறும் காகிதங்களே. வாசிக்கத் தெரிந்தவர்கள் அவற்றை வாசிக்காமல் விடுவது சரியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

‘சொல்லாடல்’ என்னும் கலைச்சொல் தமிழ்ச் சிறுபத்திரிகை வாசகர்களுக்குப் புதிதன்று. அமைப்பியல், பின்னமைப்பியல் விவாதங்கள் சூடாக நடந்த எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மிஷேல் ஃபூக்கோவின் பெயரோடு சேர்ந்தே அது நம்மிடம் வந்தது. சிலர் ‘கருத்தாடல்’ என்றும் எழுதினர். நாவலையும் சாதியையும் சமயத்தையும் தேசியத்தையும் வாசிக்க அதை நாம் பயன்படுத்தினோம். அதே கருவியைக் கொண்டு தொழிற்சாலை, மருத்துவமனை, பல்கலைக்கழகம், அரசுத் துறை போன்ற அமைப்புகளை ஆராயும் ஒரு கிளை மேலைநாடுகளில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வளர்ந்து வந்திருக்கிறது. இந்தக் கிளை மீது நம் கவனம் போதிய அளவு விழவில்லை என்றே தோன்றுகிறது. மேலாண்மைப் படிப்புக்குரிய விஷயம் என்று ஒதுக்கிவிட்டோம் போலும்.

அதன் அடிப்படை எளிமையானது. மொழியியலாளர் ஸெல்லிக் ஹாரிஸ் 1952இல் ‘சொல்லாடல் பகுப்பாய்வு’ என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி, தனி வாக்கியத்தைத் தாண்டித் தொடர்ந்து செல்லும் பேச்சையும் எழுத்தையும் ஆராய வழி தேடினார். சொல்வதே ஒரு செயல்தான் என்று ஜே. எல். ஆஸ்டின் காட்டினார். கூட்டக் குறிப்பேட்டில் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதும் கணத்தில்தான் தீர்மானம் தீர்மானமாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். நார்மன் ஃபேர்கிளாஃப் மொழிக்கும் அதிகாரத்துக்குமான உறவை ஆராய்ந்தார். டெய்ர்ட்ரி போடன் 1994இல் வெளிவந்த நூலில், அலுவலகக் கூட்டங்களிலும் தொலைபேசியிலும் நடக்கும் அன்றாடப் பேச்சின் வழியாகவே ஒரு நிறுவனம் நாள்தோறும் உருவாக்கப்படுகிறது என்று வாதிட்டார். கட்டடமும் பெயர்ப்பலகையும் மட்டும் நிறுவனமாகிவிடுவதில்லை. யார் யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, எந்தச் சொல்லால் சொன்னால் எடுபடும் என்ற ஒழுங்கும் சேர்ந்ததே நிறுவனம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்கத் தேவையில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் அடுக்கும் முப்பத்துநான்கு உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் உண்டு. யார் கூறினார், யார் கேட்டார், எங்கே, எப்போது, எதற்காக, எது சொல்லாமல் எஞ்சி நின்றது, எது குறிப்பால் உணரப்பட்டது என்னும் கேள்விகளே அவை. அகப்பாடல் ஒன்றைத் தோழி கூற்றா செவிலி கூற்றா என்று பிரித்தறியப் பழகிய மாணவருக்கு, ஒரு கூட்டக் குறிப்பில் பேசுவது பொறியாளரா மேலாளரா என்று கேட்பது கடினமாக இராது. தொல்காப்பியர் அலுவலகச் சொல்லாடலை முன்கூட்டியே ஆராய்ந்துவிட்டார் என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. கருவிகள் கைவசம் இருக்கின்றன என்று மட்டுமே சொல்கிறோம்.

இனி நடந்தவற்றைப் பார்ப்போம்.

1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதைந்து ஏழு பேர் இறந்தனர். திட எரிபொருள் உந்துகலத்தின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் கடுங்குளிரில் இறுகிப்போனதே காரணம். முந்தைய இரவு, உந்துகலத்தைத் தயாரித்த மார்ட்டன் தயோகோல் நிறுவனத்தினருக்கும் நாசா அதிகாரிகளுக்கும் இடையே ஒரு தொலைபேசிக் கலந்துரையாடல் நடந்தது. ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தயோகோல் பொறியாளர்கள் முதலில் சொன்னார்கள். நாசா தரப்பு இதைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தியது. தயோகோல் தரப்பு சிறிது நேரம் கேட்டு இணைப்பிலிருந்து விலகித் தனியே பேசியது. பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணிந்துகொள்ளும்படி அங்கே மூத்த அதிகாரி ஒருவர் மற்றொருவரிடம் கூறியது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. அதன்பின் ஏவலாம் என்ற பரிந்துரை எழுத்தில் அனுப்பப்பட்டது.

இந்தத் தொப்பிப் பேச்சு பலமுறை மேற்கோள் காட்டப்பட்டுவிட்டது. அதைவிட நுட்பமான ஒன்று அவ்விரவில் நடந்திருக்கிறது. குளிர் கூடக்கூட நிலைமை மோசமான திசையில் நகர்கிறது என்பதை ரோஜர் பாய்ஸ்ஜொலி முதலான பொறியாளர்களால் சொல்ல முடிந்தது. எவ்வளவு மோசம் என்று எண்ணிக்கையில் சொல்ல முடியவில்லை. எண்ணே சான்று என்று ஏற்றுக்கொண்ட சபையில் அவர்களது பேச்சு ‘தரவு’ ஆகாமல் ‘கருத்து’ ஆகிவிட்டது. ஏவுவது பாதுகாப்பானது என்று நிறுவ வேண்டிய பொறுப்பு இடம்மாறி, ஏவுவது ஆபத்து என்று நிறுவ வேண்டிய சுமை எச்சரித்தவர்கள் மீது விழுந்தது. எவரும் அவர்களைப் பேசவிடாமல் வாயை மூடவில்லை. பேசினார்கள், பேச்சு செல்லுபடியாகவில்லை. ஒருவர் சொல்வது அறிவாகக் கொள்ளப்படுவதற்கான விதிகளை யார் வகுத்தது என்ற ஃபூக்கோவின் கேள்வி, நூலகத்தைவிட்டு வெளியே வந்து நிற்கும் இடம் இது.

சமூகவியலாளர் டயான் வான் இந்த முடிவு பிறந்த விதத்தை ஆராய்ந்து 1996இல் ஒரு பெரிய நூல் எழுதினார். வளையங்கள் அரிக்கப்படுவது முந்தைய ஏவுதல்களிலேயே தெரிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அது ஆராயப்பட்டு, ‘ஏற்கத்தக்க அபாயம்’ என்ற அலுவல்முறைத் தலைப்பின்கீழ் பதிவானது. அத்தலைப்பு ஒரு முறை கிடைத்தபின், அடுத்த அரிப்பு அதிர்ச்சி தரவில்லை. பிறழ்வு வழக்கமாகிப்போனது என்றார் வான். நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த குழூஉக்குறி இங்கே நினைவுக்கு வருகிறது. பொன்னைப் ‘பறி’ என்ற தட்டாரின் குறிச்சொல் பிறர் அறியாதிருக்கவே பயன்பட்டது. நாசாவின் குழூஉக்குறியோ, அதைப் பயன்படுத்தியவர்களே உள்ளே இருந்த பொருளை மறந்துபோக உதவியது.

பதினேழு ஆண்டுகள் கழித்து இதே கதை மறுபடி நடந்தது. 2003 ஜனவரி 16இல் புறப்பட்ட கொலம்பியா விண்ணோடத்தின் இடது இறக்கையில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று மோதியது. பிப்ரவரி 1 அன்று தரையிறங்கும் வழியில் விண்ணோடம் சிதைந்தது. மீண்டும் ஏழு உயிர்கள். இடைப்பட்ட நாட்களில், அந்த மோதல் பறத்தலின் பாதுகாப்பு பற்றிய பிரச்சினையாக அன்றி, திரும்பிய பிறகு கவனிக்க வேண்டிய பராமரிப்புப் பிரச்சினையாகவே நிர்வாகத்தின் பேச்சில் இடம்பெற்றது. முன்பும் நுரை பெயர்ந்திருக்கிறது என்பதால் அது ‘குடும்பத்துக்குள்’ அடங்கிய நிகழ்வு என்று கருதப்பட்டது. குடும்பம் என்ற சொல் எவ்வளவு ஆறுதல் தருகிறது பாருங்கள்!

அவ்விசாரணைக் குழுவின் அறிக்கையில் எட்வர்ட் டஃப்டி செய்த ஒரு சிறு பகுப்பாய்வு அச்சாகியிருக்கிறது. இலக்கிய மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம் அது. விண்ணோடம் வானில் இருந்தபோதே பொறியாளர்கள் தயாரித்த ஒரே ஒரு பவர்பாயிண்ட் பக்கத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். பக்கத்தின் தலைப்பு நம்பிக்கையூட்டுகிறது. ‘குறிப்பிடத்தக்க’ என்ற பொருள்படும் சொல் ஐந்து இடங்களில் வருகிறது. ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு பொருள். சோதனைகளில் பயன்பட்ட துண்டின் அளவு 3 கன அங்குலம், மோதிய துண்டின் அளவோ 1920 கன அங்குலம் என்ற செய்தி பக்கத்தின் அடியில், உள்ளுக்குள் உள்ளாகத் தள்ளப்பட்ட சிறு வரியில் கிடக்கிறது. 640 மடங்கு வேறுபாடு! சோதனை முடிவுகள் இந்த மோதலுக்குப் பொருந்துமா என்ற ஐயத்தை எழுப்ப வேண்டிய வரி அது. எவரும் எதையும் மறைக்கவில்லை. எல்லாம் எழுதப்பட்டே இருந்தன. தலைப்பு, உட்தலைப்பு, அதன் உட்பிரிவு என்ற வரிசையே எது முக்கியம் என்று சொல்லிவிட்டது. பாவகையும் யாப்பும் பொருளைப் பாதிக்கும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நமக்கு, இது புரியாமலா போகும்?

மூன்றாவது எடுத்துக்காட்டு ஜெனரல் மோட்டார்ஸ். அதன் சில கார்களில் சாவிப்பொறி தானே நழுவி, ஓடும்போதே எஞ்சின் நின்றுவிடும், காற்றுப்பைகளும் விரியாது. 2014இல் அந்நிறுவனம் இலட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது. நிறுவனமே ஏற்படுத்திய இழப்பீட்டு நிதியின்வழி 124 மரணங்கள் இக்குறைபாட்டோடு தொடர்புடையனவாக ஏற்கப்பட்டன. நிறுவனத்தின் சார்பில் வழக்கறிஞர் ஆண்டன் வலூகாஸ் அளித்த விசாரணை அறிக்கை காட்டும் முக்கியமான செய்தி, எஞ்சின் நின்றுபோவது தொடக்கத்திலேயே ‘வாடிக்கையாளர் வசதி’ என்ற வகையில் வைக்கப்பட்டது என்பதாகும். ‘பாதுகாப்பு’ என்ற வகையில் வைத்திருந்தால் செலவு பாராமல் சரிசெய்திருக்க வேண்டும். ‘வசதி’ என்றதும், செலவு கட்டுபடியாகுமா என்ற கணக்கு தொடங்கியது. ஒரு வகைப்பாட்டுச் சொல், பின்னால் வந்த எல்லாக் கூட்டங்களின் திசையையும் நிர்ணயித்துவிட்டது.

அதே ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்போடு செய்துகொண்ட உடன்பாட்டின் வழியாக இன்னோர் ஆவணமும் வெளிவந்தது. ஊழியர்கள் எப்படி எழுத வேண்டும் என்று கற்பித்த 2008ஆம் ஆண்டின் பயிற்சிக் குறிப்பு அது. தவிர்க்க வேண்டிய 69 சொற்களின் பட்டியல் அதில் இருந்தது. டைட்டானிக், ஹிண்டன்பர்க் என்ற பெயர்கள்கூட விலக்கப்பட்டவை. ‘பிரச்சினை’ என்று எழுதாமல் ‘விஷயம்’, ‘நிலை’ என்று எழுத வேண்டும். ‘குறைபாடு’ என்று எழுதாமல், வடிவமைத்தபடி செயல்படவில்லை என்று எழுத வேண்டும். நாம் இடக்கரடக்கல் என்று படித்தது அவையில் நாணத்தக்கதை மறைத்துச் சொல்லும் பண்பாட்டை. இங்கே அடக்கப்பட்ட இடக்கர், மனிதர்கள் சாகக்கூடும் என்பது.

வலூகாஸ் அறிக்கை மெய்ப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் ஒரு திட்டத்துக்குத் தலையசைத்துவிட்டு, எவரும் அதைச் செய்யும் எண்ணமின்றிக் கலைவதற்கு அங்கே ஒரு பெயரே இருந்ததாம். கைகளைக் குறுக்கே மடித்து விரல்களால் இருபுறமும் இருப்பவரைச் சுட்டி, பொறுப்பு அவருடையது என்று காட்டும் சைகைக்கு மற்றொரு பெயர். நம் அலுவலகங்களில் பெயர் இல்லையே தவிர, செயல் இல்லையென்று சொல்லிவிட முடியுமா?

இறுதியாகப் பிரிட்டனின் அஞ்சல் நிலையங்கள். 1999 முதல் அங்கே புகுத்தப்பட்ட ஹொரைஸன் என்ற கணினி முறைமையின் பிழைகளால் கணக்கில் காசு குறைந்ததாகக் காட்டியது. கிளை அஞ்சலகங்களை நடத்தியவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு ஆகிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்ற இந்த வழக்குகளில் பெரும்பாலானவற்றை ஒட்டுமொத்தமாக நீக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது. உதவி கேட்டு அழைத்தவர்களில் பலர், இத்தகைய சிக்கல் உங்களுக்கு மட்டுமே வருகிறது என்று தங்களிடம் சொல்லப்பட்டதாகச் சாட்சியம் அளித்துள்ளனர். 2013இல் அப்போதைய தலைமை நிர்வாகி, கணினிப் பிழையைக் குறிக்க உணர்ச்சியைத் தூண்டாத வேறு சொல் உண்டா என்று தன் கணவரிடம் கேட்ட மின்னஞ்சலும் பொது விசாரணையில் வெளிவந்தது. விதிவிலக்கு, முரண்நிலை என்ற பொருள் தரும் சொற்கள் பதிலாக வந்தன. நாம் இன்னொன்றையும் கவனிக்கிறோம். கணக்கு ஒத்துவராததைப் ‘பற்றாக்குறை’ என்று அழைத்த உடனேயே, பணம் ஒரு காலத்தில் இருந்தது, இப்போது இல்லை, யாரோ எடுத்திருக்க வேண்டும் என்ற ஒரு கதை முழுதும் அச்சொல்லுக்குள் வந்துவிடுகிறது. ‘கணக்கு வேறுபாடு’ என்று அழைத்திருந்தால், இயந்திரத்தையும் சந்தேகிக்க இடம் இருந்திருக்கும்.

இந்த முறைக்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. அவற்றில் மூன்றையேனும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

எல்லாமே சொல்லாடல் என்றால் சொல்லாடல் என்பதற்குப் பொருளே இல்லாமல் போகும் என்பது முதல் மறுப்பு. மட்ஸ் ஆல்வெஸனும் டான் காரெமனும் 2000இல் எழுதிய கட்டுரையில், ஓர் அறையில் நடக்கும் சிறு பேச்சையும் ஒரு காலத்தையே ஆளும் பெருஞ்சொல்லாடலையும் ஆய்வாளர்கள் குழப்பிக்கொள்வதைச் சுட்டினார்கள். ஒரு மின்னஞ்சலைப் படித்துவிட்டு முதலாளித்துவம் முழுவதையும் விளக்கிவிட்டதாக எண்ணும் கட்டுரைகள் நம் சூழலிலும் உண்டு. இந்த எச்சரிக்கையை ஏற்கிறோம்.

பொருளுலகம் சொல்லுக்குக் கட்டுப்படுவதில்லை என்பது இரண்டாவது. சாலஞ்சர் விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபைன்மன் ரப்பர்த் துண்டொன்றைப் பனிநீரில் இட்டு எடுத்து, அது பழைய நிலைக்கு உடனே திரும்பாததைக் காட்டினார். ரப்பர் இறுகியது குளிரால். இது மிகச் சரி. ஆயினும் ரப்பர் இறுகும் என்று தெரிந்தவர்கள் அந்த இரவில் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது, முடிவெடுத்தவர்களின் அறிவாக மாறாமல் போனது ஏன் என்ற கேள்விக்குப் பனிநீர்க் கோப்பையில் விடை இல்லை.

மூன்றாவதே நம்மை அதிகம் உறுத்துவது. நிறுவனத்தின் மொழிதான் காரணம் என்று சொல்லிவிட்டால், தனிமனிதர் தப்பித்துக்கொள்ள மாட்டாரா? எல்லோரும் அதே சொற்களில் சிந்தித்தார்கள் என்றால் யாரைத் தண்டிப்பது? இந்த ஆபத்து மெய்யானதே. ஆனால் ஒரு மொழியை எல்லோரும் பேசினார்கள் என்பதாலேயே எல்லோரும் அதை ஆக்கினார்கள் என்றாகாது. 69 சொற்களை விலக்கிய பட்டியலை ஒருவர் தயாரித்தார், ஒருவர் ஒப்புதல் அளித்தார், பலர் பின்பற்றினர். இந்த மூவரின் பொறுப்பும் ஒன்றல்ல. கவனமான சொல்லாடல் பகுப்பாய்வு பொறுப்பைக் கரைக்காமல், அது எந்த வாக்கியத்தில் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டாத பகுப்பாய்வை நாம் மதிக்க வேண்டியதில்லை.

இனி நம் பக்கம் திரும்புவோம். தமிழ்நாட்டில் 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்தைத் தொடர்ந்து அலுவலகத் தமிழ் என்ற ஒரு நடை உருவாகி நிலைபெற்றது. கலைச்சொல்லாக்கத்தைப் பற்றி நாம் நிறையப் பேசினோம். அந்நடையின் தொடரமைப்பைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினோம். ‘ஆணையிட்டேன்’ என்றால், எழுவாய் வெளிப்படாவிட்டாலும் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழ் வினைமுற்றின் சிறப்பே அதுதான். ‘ஆணையிடப்படுகிறது’ என்றால் விகுதி அஃறிணை. வினைமுதல் ‘ஆல்’ உருபோடு வர வேண்டியவர், வரவே இல்லை. ‘மனு பரிசீலனையில் உள்ளது’, ‘உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது’, ‘ஆவன செய்யப்படும்’. ஆவன என்பது பலவின்பால்; எவை அவை? செய்பவர் யார்? எப்போது? முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் ஒருவருக்கு இவை இலக்கணக் கேள்விகள் அல்ல.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அலுவலகம் ஆளற்ற மொழியில் பேசுவதற்கு ஒரு நல்ல காரணமும் உண்டு. ஆணை ஓர் அலுவலரின் விருப்பு வெறுப்பிலிருந்து வருவதன்று, விதியிலிருந்து வருவது என்ற உறுதியை அது தருகிறது. கீழ்நிலை எழுத்தருக்கு அது ஒரு கவசமும்கூட. ஆகவே செயப்பாட்டு வினையையே ஒழிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அது விதியைக் காட்ட வருகிறதா, ஆளை மறைக்க வருகிறதா என்று இடமறிந்து பிரித்துக் காணும் வாசிப்பையே கேட்கிறோம்.

கல்விக்கூடங்களும் விலக்கல்ல. ஃபேர்கிளாஃப் 1993இல் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்பு விளம்பரம் முதலான ஆவணங்களை ஆராய்ந்து, சந்தையின் மொழி கல்விக்குள் எப்படிக் குடியேறுகிறது என்று காட்டினார். மறு ஆண்டு, 1994இல், இந்தியாவில் தேசிய மதிப்பீட்டுத் தரச்சான்றுக் குழு அமைக்கப்பட்டது. அதன்பின் கல்லூரிகளில் பணிபுரிவோர் கற்றுக்கொண்ட புதிய சொற்கள் எத்தனை! மாணவர் ‘பங்குதாரர்’ ஆனார்; கற்றல் ‘விளைபயன்’ ஆனது; ஏதேனும் ஒன்றை ஒழுங்காகச் செய்தால் அது ‘சிறந்த நடைமுறை’. 2017இல் திருத்தப்பட்ட முறையில், நிகழ்ச்சிகளுக்குப் புவிக்குறியிட்ட ஒளிப்படங்கள் சான்றாகக் கேட்கப்பட்டன. தரத்தை மதிப்பிடுவது தேவையே; மறுப்பதற்கில்லை. ஆனால் வகுப்பறையில் ஒரு மாணவிக்குக் குறுந்தொகைப் பாடல் ஒன்று திடீரெனத் திறந்துகொள்ளும் கணத்தை ஒளிப்படம் எடுக்க இயலாது. எடுக்க இயலாதது அறிக்கையில் இடம்பெறாது. அறிக்கையில் இடம்பெறாததற்கு நேரம் ஒதுக்கப்படாது. சாலஞ்சர் பொறியாளர்களின் எண்ணற்ற அச்சம் சான்றாகாமல் போனதற்கும் இதற்கும் அளவில் பெரும் வேறுபாடு உண்டு; இயங்கும் முறையில் ஒப்புமை உண்டு.

என்ன செய்யலாம்? நம் முன்மொழிவு சிறியது. முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் ஒரு தாளையேனும் இதற்கு ஒதுக்கலாம். அரசாணைகள், விசாரணை ஆணைய அறிக்கைகள், மருத்துவமனை ஒப்புதல் படிவங்கள், வங்கிக் கடன் பத்திரங்கள் ஆகியவற்றைப் பாடநூலாக வைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபின் கோப்புகளைக் கேட்டுப் பெறும் வழி நமக்கு இருக்கிறது. பெற்ற கோப்பை வாசிக்கும் பயிற்சியை யார் தருவது? வழக்கறிஞர்கள் சட்டத்தை வாசிப்பார்கள். தணிக்கையாளர்கள் எண்ணை வாசிப்பார்கள். சொல்லை வாசிப்பவர்கள் நாம்தாம்.

இலக்கியமும் இதனால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் ஒரு திரைப்படத் தயாரிப்பு நிறுவனம் குலைவதை எழுதியபோது, தனி நாயகர் எவருமில்லாமல், பல பணியாளர்களின் அன்றாடப் பேச்சின் வழியாகவே அதைச் செய்தார். நிறுவனம் எப்படிப் பேசுகிறது என்று கேட்கத் தெரிந்த ஒரு செவி அங்கே இருந்தது. வாசகர்களாகிய நாமும் அந்தச் செவியை வளர்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை ஒரு சுற்றறிக்கை மேசைக்கு வரும்போது, கையொப்பமிடுவதற்கு முன் அதில் உள்ள வினைமுற்றுகளை ஒருமுறை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் வினைமுதல் யார் என்று எழுதிப் பார்க்கலாம். விடை கிடைக்காத இடங்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கவும் செய்யலாம்.